நாலு சுருள் றான்ஸ்போமர்: வீஏ கூட்டுவது எப்படி, கோர் எடுப்பது எப்படி?

1 | உப்புவெளி_சவுண்ட்

திருவிழா, கலியாண வீட்டு வாடகைக்குப் போற அம்ப்ளிபயர் ஒன்றுக்கு றான்ஸ்போமர் புதிதாகச் சுற்ற வேணும். பிறைமரி (லைன் பக்கச் சுருள்) 230 வோல்ற். செக்கண்டரி (வெளியே குடுக்கிற சுருள்) மூன்று:

35-0-35 வோல்ற், பவர் அம்ப்புக்கு
15-0-15 வோல்ற், பிறீஅம்ப்புக்கு
12 வோல்ற், விசிறிக்கும் ஸ்பீக்கர் பாதுகாப்பு றிலேக்கும்

ரவுனில் கேட்டால் ஒருவர் 200 வீஏ (வோல்ற் × அம்பியர், றான்ஸ்போமரின் கொள்ளளவு) போதும் என்கிறார், மற்றவர் 500 இல்லாமல் தொடாதே என்கிறார். ரெண்டு பேரும் ஒரே பேப்பரைப் பார்த்துத்தான் சொன்னவை. பல சுருள் உள்ளதுக்கு மொத்த வீஏ கணக்கிடுற முறை என்ன?

2 | கம்பிச்சுத்து

தம்பி, நீங்கள் வோல்ற் மட்டும்தான் எழுதியிருக்கிறியள். ஒவ்வொரு சுருளுக்கும் மூன்று விசயம் தெரியாமல் ஒருத்தராலும் வீஏ சொல்ல ஏலாது.

ஒன்று, எத்தனை அம்பியர், அது டிசி பக்கமா ஏசி பக்கமா. ரெண்டு, ஏசியை டிசி ஆக்குறது என்ன ரெக்டிபயர்: பிறிட்ஜா (நாலு டயோட்), நடு ராப்போடு (சுருளின் நடுவில் எடுத்த நுனி) ரெண்டு டயோட்டா, கண்டென்சருக்கு முன்னால் சோக் (வடிகட்டிச் சுருள்) இருக்கா. மூன்று, எல்லாச் சுருளும் ஒரே நேரத்தில் முழு லோட்டில் ஓடுமா, எவ்வளவு நேரத்துக்கு.

200 சொன்னவர் டிசி வற்ஸைக் கூட்டியிருப்பார். 500 சொன்னவர் பிறைமரியையும் செக்கண்டரியையும் கூட்டியிருப்பார்.

3 | உப்புவெளி_சவுண்ட்

பவர் அம்ப்: கூட்டல் கழித்தல் ரெண்டு றெயிலிலும் (டிசி வெளியீட்டுக் கோடு) சராசரி 2 அம்பியர் டிசி, தொடர்ச்சியாக. ஒரே ஒரு பிறிட்ஜ், நடு ராப் கிறவுண்ட், றெயிலுக்கு 10,000 மைக்றோபரட் கண்டென்சர். பிறீஅம்ப்: றெயிலுக்கு 0.2 அம்பியர், அதுவும் பிறிட்ஜ். 12 வோல்ற்: 0.5 அம்பியர் டிசி, பிறிட்ஜ். எல்லாம் ஒன்றாக ஓடும். இரவிரவாக.

4 | கம்பிச்சுத்து

இப்ப கணக்குப் போடலாம்.

பிறிட்ஜுக்குப் பின்னால் நேரடியாகக் கண்டென்சர் வந்தால் சுருளில் ஓடுற கரண்ட் சைன் அலை இல்லை. அலையின் உச்சியில் மட்டும் கூரான துடிப்பு. சராசரி 2 அம்பியராக இருந்தாலும் ஆர்எம்எஸ் அதைவிடக் கூட, கம்பியைச் சூடாக்குறது அந்த ஆர்எம்எஸ்தான். நடைமுறையில் டிசி அம்பியரை 1.6 முதல் 1.8 வரை பெருக்குறது வழக்கம். நான் 1.7 எடுக்கிறேன்.

35-0-35: 2 × 1.7 = 3.4 அம்பியர். 70 வோல்ற் × 3.4 = 238 வீஏ
15-0-15: 0.2 × 1.7 = 0.34 அம்பியர். 30 × 0.34 = 10.2 வீஏ
12: 0.5 × 1.7 = 0.85 அம்பியர். 12 × 0.85 = 10.2 வீஏ

செக்கண்டரி மொத்தம் 258.4 வீஏ. டிசி பக்கம் பார்த்தால் லோட்டில் றெயில் 44 வோல்ற் அளவில் நிற்கும், 44 × 2 × 2 = 176 வற்ஸ். 176க்கும் 238க்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் 200 சொன்னவர் விழுந்தது.

5 | உவர்மலை_வால்வ்

ஒரு திருத்தம் கேட்கிறேன். நடு ராப் உள்ள சுருளில் ஒவ்வொரு பாதியும் அரை அலைக்குத்தானே வேலை செய்யும்? அப்போ 1.7 பெருக்கிறது கூடாதா? பழைய வால்வ் அம்ப்களில் ரெண்டு டயோட்டுக்கு அப்படித்தானே கணக்கு.

6 | கம்பிச்சுத்து

ரெண்டும் வேற வேற சேர்க்கிற், படம் மட்டும் ஒன்றுபோலத் தெரியும்.

ரெண்டு டயோட், ஒரே ஒரு டிசி வெளியீடு: நீங்கள் சொன்னது சரி. ஒரு பாதி ஓடும்போது மற்றப் பாதி சும்மா இருக்கும். கண்டென்சர் வடிகட்டி என்றால் ஒவ்வொரு பாதியிலும் ஆர்எம்எஸ் கிட்டத்தட்ட டிசி அம்பியர் அளவு, 1 முதல் 1.2 மடங்கு. சோக் முன்னால் இருந்தால் 0.71 மடங்கு.

கூட்டல் கழித்தல் றெயிலோடு முழு பிறிட்ஜ்: ஒரு அரை அலையில் மேல் பாதி கூட்டல் றெயிலை நிரப்பும், அதே நேரத்தில் கீழ்ப் பாதி கழித்தல் றெயிலை நிரப்பும். அடுத்த அரை அலையில் மாறி நிரப்பும். எந்தப் பாதியும் ஓய்வெடுக்கிறதில்லை. அதனால் 1.7 தான்.

7 | மூன்றாம்_சுருள்

உவர்மலை கேட்டதற்குள் இன்னொரு விசயமும் இருக்கிறது. ரெண்டு டயோட், நடு ராப், சோக் வடிகட்டி உள்ள அமைப்பில் செக்கண்டரியின் வீஏ டிசி வற்ஸின் 1.57 மடங்கு. ஆனால் பிறைமரி 1.11 மடங்குதான், ஏனென்றால் பிறைமரியில் ரெண்டு அரை அலையும் ஒரே கம்பியில் வருகிறது. ஒரே மின்மாற்றி, 100 வற்ஸ் டிசிக்கு ஒரு பக்கம் 157, மற்றப் பக்கம் 111. அப்போ இதை எத்தனை வீஏ மின்மாற்றி என்று சொல்வீர்கள்?

சராசரிதான் விடை: 134. பல சுருள் மின்மாற்றிக்கு இதுவே பொது விதி. எல்லாச் சுருள்களின் வீஏயையும், பிறைமரியையும் சேர்த்துக் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். அதுதான் அதன் உடல் அளவு. செம்பும் இரும்பும் எவ்வளவு வேண்டும் என்று சொல்கிற எண் அது. இரண்டு சுருள் மட்டும் உள்ள சாதாரண மின்மாற்றியில் இரு பக்கமும் ஒன்று என்பதால் இந்த வகுத்தல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வாங்குபவருக்குத் தேவையான எண் வேறு. அவருக்கு ஒவ்வொரு சுருளின் தனி மதிப்பும் வேண்டும். ஒற்றை எண்ணை எழுதி ஓடர் கொடுப்பதால்தான் ரெண்டு கடையில் ரெண்டு விடை வருகிறது.

8 | கம்பிச்சுத்து

அப்படியே நம்மட கணக்கில் போட்டால்: திறன் 92 வீதம் என்று எடுத்தால் பிறைமரி = 258.4 ÷ 0.92 = 281 வீஏ. 281 ÷ 230 = 1.22 அம்பியர். (258 + 281) ÷ 2 = 270 வீஏ. கோர் (சுருள் ஏறுற இரும்புத் தகட்டு அடுக்கு) தேட வேண்டியது 270க்கு.

செக்கண்டரி வீஏக்களை நேராகக் கூட்டினது சரியா என்று யாராவது கேட்கப் போகினம். மூன்றும் ரெக்டிபயர் லோட், மூன்றின் துடிப்பும் அலையின் ஒரே உச்சியில் வரும். நேராகக் கூட்டலாம். ஒன்று ஹீற்றர், ஒன்று ரெக்டிபயர் என்றால் உண்மையான பிறைமரி கரண்ட் இந்தக் கூட்டலைவிடக் கொஞ்சம் குறையும். சின்ன றான்ஸ்போமருக்கு அதைப் பார்க்கத் தேவையில்லை.

9 | உப்புவெளி_சவுண்ட்

கோர் பரப்பு = 1.15 × √வீஏ என்று படிச்சது ஞாபகம். √270 = 16.4, பரப்பு 18.9 ச.செமீ. என்னட்டை ஈஐ-114 தகடு (ஈ, ஐ வடிவம், 114 மிமீ அகலம்) இருக்கு, நடுக்கால் 38.1 மிமீ. 54 மிமீ உயரத்துக்கு அடுக்கினால் தகட்டு இடைவெளிக்கு 0.93 ஆல் பெருக்கி 3.81 × 5.4 × 0.93 = 19.1. காணுமே?

10 | கம்பிச்சுத்து

இரும்பு காணும். ஜன்னல் (தகட்டில் கம்பி நிரம்புற இடைவெளி) காணாது. இந்த இடத்தில்தான் கனபேர் கம்பி வாங்கின பிறகு முழிக்கிறது, அதனால் முழுதாக எழுதுறேன்.

முதலில் ஒரு வோல்ற்றுக்கு எத்தனை சுற்று. 50 ஹேர்ட்ஸில் 10,000 ÷ (4.44 × 50 × டெஸ்லா × பரப்பு), டெஸ்லா என்றது கோரில் காந்தப் பாயத்தின் அடர்த்தி. சாதாரண சிலிக்கன் தகட்டுக்கு 1.1 டெஸ்லாவுக்கு மேல் போகாமல் வைச்சால் அது 41 ÷ பரப்பு. 1.2, 1.3 என்று எடுக்கிறவையும் இருக்கினம். ஆனால் எங்கட லைன் 230இல் 6 வீதம் கூடி 243.8 வரை வரலாம், கோவில் வீதியில் ஜெனரேற்றரில் ஓடினால் ஹேர்ட்ஸும் குறையும். 47 ஹேர்ட்ஸும் 243.8 வோல்ற்றும் சேர்ந்தால் 1.1 என்று நினைச்சது 1.24 ஆகிடும். அதுக்கு மேல் தகடு இரையும், வெறும் ஓட்டத்திலேயே சூடேறும்.

உங்கட 19.1 ச.செமீக்கு வோல்ற்றுக்கு 2.15 சுற்று. பிறைமரி 495. செக்கண்டரிக்கு லோட்டில் விழுறதை ஈடுசெய்ய 5 வீதம் கூட்டினால் 35க்கு 79, ரெண்டு பாதிக்கும் 158. 15க்கு 34, ரெண்டுக்கும் 68. 12க்கு 27.

கம்பி, ச.மிமீக்கு 2.5 அம்பியர் அளவில் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு):
பிறைமரி 1.22 அம்பியர்: 21 கேஜ் (0.519 ச.மிமீ)
35-0-35, 3.4 அம்பியர்: 17 கேஜ் (1.589)
15-0-15, 0.34 அம்பியர்: 27 கேஜ் (0.136)
12, 0.85 அம்பியர்: 22 கேஜ் (0.397)

செம்புப் பரப்பு: 495 × 0.519 = 257. 158 × 1.589 = 251. மற்ற ரெண்டும் 9, 11. மொத்தம் 528 ச.மிமீ.

ஈஐ-114 இன் ஜன்னல் 19.05 × 57.15 = 1,089 ச.மிமீ. 528 ÷ 1,089 = 0.485. பொபின் (கம்பி சுற்றுற கூடு) சுவர், தட்டுக்குத் தட்டுப் பேப்பர், எனாமல், வட்டக் கம்பிக்கு இடையிலுள்ள இடைவெளி எல்லாம் போக, கையால் சுற்றுறதில் 0.30 தொடக்கம் 0.35 வரைக்கும்தான் செம்பு நிற்கும். 0.485 என்றால் கடைசிச் சுருளுக்கு இடமே இல்லை.

இதுக்குப் பயந்து கம்பியை 2 கேஜ் குறைச்சுச் சுற்றிக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம். வெளியில் பார்க்க வித்தியாசம் தெரியாது, திருவிழா மூன்றாம் நாள்தான் தெரியும்.

சரியான வழி ஈஐ-133. நடுக்கால் 44.4 மிமீ, ஜன்னல் 22.2 × 66.6 = 1,479 ச.மிமீ. 50 மிமீ அடுக்கு: 4.44 × 5.0 × 0.93 = 20.6 ச.செமீ. வோல்ற்றுக்கு 2 சுற்று, கணக்கும் லேசு.

பிறைமரி 460
35-0-35: 74 + 74
15-0-15: 32 + 32
12: 25

செம்பு 239 + 235 + 9 + 10 = 493. 493 ÷ 1,479 = 0.33. உட்காரும்.

11 | உவர்மலை_வால்வ்

ஈஐ-114 ஐயே 63 மிமீக்கு அடுக்கினால்? சுற்று குறையுமே.

12 | கம்பிச்சுத்து

பரப்பு 22 ச.செமீக்கு மேல் வரும், வோல்ற்றுக்கு 1.83 சுற்று, செம்பு 450 அளவு. 0.41. இன்னும் இறுக்கம். பிறைமரி 22, செக்கண்டரி 18 என்று ஒவ்வொரு கேஜ் குறைச்சால் 0.32க்கு வரும், ஆனால் ரெண்டும் ச.மிமீக்கு 3 அம்பியர் அளவுக்குப் போகும். பெட்டிக்குள் விசிறி இருந்தால் செய்யலாம். இரவிரவாக ஓடுறதுக்கு நான் செய்யமாட்டேன்.

13 | கொட்பே_மின்

இப்படி யோசிச்சால் என்ன: 12 வோல்ற் சுருளில் இருந்து பின்னால் எல்ஈடி வரிசைக்கும் 2.5 அம்பியர் டிசி எடுக்கிறது. பவர் அம்ப் பாதி லோட்டில்தானே கூடுதலாக ஓடும். 238இல் 119 சும்மா கிடக்கு. மொத்த வீஏ தாண்டாதே.

14 | கம்பிச்சுத்து

ஏலாது. சும்மா கிடக்கிற 119 வீஏ 17 கேஜ் கம்பியில் கிடக்கு. நீங்கள் எடுக்கப் போறது 22 கேஜில்.

எல்ஈடியின் 2.5 அம்பியர் டிசி மட்டுமே 4.25 ஆர்எம்எஸ், வடிவமைச்சதின் 5 மடங்கு. கம்பிச் சூடு கரண்டின் வர்க்கம், 25 மடங்கு. அந்தச் சுருள் கிட்டத்தட்ட 8 மீற்றர் கம்பி, 0.34 ஓம். 0.85 அம்பியரில் கால் வற்ஸ் சூடு. 4.25இல் 6 வற்ஸ், அதுவும் பேப்பருக்குள் மூடின ஒரு தட்டில். ச.மிமீக்கு 10.7 அம்பியர்.

15 | மூன்றாம்_சுருள்

கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பக்கத்துச் சுருள் குளிர்ந்திருந்தால் இந்தச் சுருளிலிருந்து வெப்பம் வெளியேறும் பாதை நல்லதாகிறது. அந்த வகையில் ஒரு சுருளை 10 வீதம் கூட்டி ஓட்டுவதில் ஆபத்தில்லை. 5 மடங்குக்கு அந்த நியாயம் பொருந்தாது.

16 | கம்பிச்சுத்து

10 வீதத்துக்கு ஓம். எல்ஈடியும் வேணுமென்றால் சுற்ற முதலே சொல்லிவிட வேணும், அப்ப விசிறி, றிலேயோடு சேர்த்து 12 வோல்ற் சுருள் 5 அம்பியருக்குப் போகும், கேஜ் மாறும், ஜன்னல் கணக்கைத் திரும்பப் பார்க்க வேணும்.

பியூஸ் விசயமும் இதிலேயே வருது. பிறைமரியில் 2 அம்பியர் மெதுவாக எரியிற பியூஸ் போடுவம். 12 வோல்ற் சுருளில் 4.25 அம்பியர் போனால் பிறைமரியில் கூடுறது 0.18 அம்பியர். பியூஸுக்கு அது தெரியவே தெரியாது, சுருள் கருகி முடியும். பல சுருள் றான்ஸ்போமரில் பிறைமரிப் பியூஸ் பெரிய சுருளுக்கு மட்டும்தான் காவல். சின்னச் சுருள் ஒவ்வொன்றுக்கும் அதின்ட ஏசி பக்கத்தில் தனிப் பியூஸ் வேணும். இங்கே 12க்கு 1 அம்பியர், 15-0-15க்கு ரெண்டு நுனியிலும் அரை அம்பியர், மெதுவாக எரியிறது.

17 | சீனக்குடா_ஷிப்ட்

கொஞ்சம் பெரிய பக்கம் கேட்கலாமா? மூன்று சுருள் பவர் றான்ஸ்போமர் பிளேட்டில் 60/40/20 எம்வீஏ (10 லட்சம் வீஏ) என்று கிடந்தால் 40உம் 20உம் கூட்டி 60, விளங்குது. 60/60/20 என்று கிடந்தால்? 80 எடுக்கலாமா?

18 | மூன்றாம்_சுருள்

முடியாது. உயர் அழுத்தச் சுருள் 60. வெளியே போகும் இரண்டும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. 60/60/20 என்றால் நடுச் சுருள் தனியாக 60 வரை தரும், அல்லது 40 அளவில் தந்து மூன்றாவது 20 தரும். இரண்டையும் முழுதாக ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. எந்தச் சேர்க்கைக்கு உத்தரவாதம் என்பது பிளேட்டிலோ சோதனை அறிக்கையிலோ இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். உடல் அளவில் 60/40/20 இன் அரைக்கூட்டு 60, 60/60/20 இன் அரைக்கூட்டு 70. எடையிலும் விலையிலும் வித்தியாசம் வருவது அதனால்.

கூட்டும்போது இன்னொன்று. இந்த அளவில் வீஏக்களை நேராகக் கூட்டுவது பிழை. நடுச் சுருளில் 40 எம்வீஏ, பவர் பக்டர் 0.8 பின்தங்கல்: 32 மெகாவாற், 24 மெகாவார் (வேலை செய்யாமல் போய்வரும் பங்கு). மூன்றாவதில் 20 மெகாவார் கண்டென்சர் பாங்க். உயர் அழுத்தச் சுருளில் மிஞ்சுவது 32 மெகாவாற்றும் 4 மெகாவாரும், √(32² + 4²) = 32.2 எம்வீஏ. நேராகக் கூட்டினால் 60 வந்திருக்கும். மறுபக்கம், நடுச் சுருளும் மூன்றாவதும் தங்கள் 40, 20 ஐ முழுதாகவே சுமக்கின்றன. உயர் அழுத்தப் பக்க மீற்றரை மட்டும் பார்த்துப் பாதி லோட்தான் என்று நினைத்துவிடக் கூடாது.

19 | சீனக்குடா_ஷிப்ட்

இம்பீடன்ஸ் (மின்மறிப்பு) வீதம் மூன்று சுருள் சோடிக்கும் தந்திருக்கும். உயர்-நடு 12, உயர்-மூன்றாவது 6, நடு-மூன்றாவது 3. 20 எம்வீஏ பக்கம் ஏன் இவ்வளவு குறைவு?

20 | மூன்றாம்_சுருள்

குறைவில்லை, அடிப்படை வேறு. 12 வீதம் 60 எம்வீஏ அடிப்படையில், மற்ற இரண்டும் 20 அடிப்படையில் இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். 60க்கு மாற்றினால் 6 வீதம் 18 ஆகும், 3 வீதம் 9 ஆகும்.

பிறகு ஒவ்வொரு சுருளுக்கும் பிரிக்கலாம்:
உயர் அழுத்தம்: (12 + 18 − 9) ÷ 2 = 10.5
நடு: (12 + 9 − 18) ÷ 2 = 1.5
மூன்றாவது: (18 + 9 − 12) ÷ 2 = 7.5

சோடியாகக் கூட்டிச் சரிபாருங்கள்: 10.5 + 1.5 = 12, 10.5 + 7.5 = 18, 1.5 + 7.5 = 9. அடிப்படையை மாற்றாமல் 12, 6, 3 ஐ அப்படியே போட்டால் ஒன்றில் மறைப் பெறுமானம் வரும். மறை வருவதே பிழை என்றில்லை, நடுவில் உள்ள சுருளுக்குச் சிறிய மறை சில வடிவமைப்பில் வரத்தான் செய்யும். ஆனால் வந்தால் முதலில் அடிப்படையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

21 | நிர்வாகி

பெரிய மின்மாற்றிக்குத் தனி இழை திறக்கலாம். இங்கே சின்னதோடு நிற்போம்.

22 | கிண்ணியா_றிப்பேர்

அப்போ சின்னது ஒன்று. பழைய இரும்புக்கடையில் எடுத்தது, பிளேட் இல்லை, கம்பி நுனி 9. இதின்ட வீஏ பார்க்கிறது எப்படி?

23 | கம்பிச்சுத்து

வரிசையாகச் செய்யுங்கோ.

மல்ரிமீற்றரில் எந்த நுனி எந்த நுனியோடு தொடர்பு என்று பிரியுங்கோ. ஒரே சுருளில் மூன்று நுனி வந்தால் நடு ராப், அல்லது பிறைமரி ராப். பிறைமரி பெரும்பாலும் உள்ளே, மெல்லிய கம்பி, கூடின ஓம்.

அதைத் தொடரில் 60 வற்ஸ் பழைய இழைக் குமிழ் ஒன்றோடு 230இல் குடுங்கோ. எல்ஈடி பல்ப் சரிவராது. குமிழ் மங்கலாகச் செம்மையாக, அல்லது எரியாமல் நின்றால் நல்லம். பளீரென்று எரிந்தால் உள்ளே சுற்றுக்குச் சுற்று ஷோர்ட், அல்லது பிழையான சுருளுக்குக் குடுத்திருக்கிறியள். நல்லதென்றால் குமிழை எடுத்துவிட்டு ஒவ்வொரு சுருளின் வோல்ற்றும் அளவுங்கோ. நுனி எதையும் கையால் தொடாதேங்கோ, தெரியாத றான்ஸ்போமரில் 300, 400 வோல்ற் சுருளும் இருக்கும்.

அடுத்தது கம்பி மொத்தம். நுனி தெரிந்தால் எனாமலைச் சுரண்டி மைக்றோமீற்றரில் அளக்கலாம். ஆனால் நுனியாக வெளியே வந்திருக்கிறது பெரும்பாலும் வேற வயர். அப்ப இப்படி: ஜன்னலில் மிஞ்சின இடத்தால் மெல்லிய வயரை 10 சுற்று ஓட்டி வோல்ற் அளவுங்கோ. 5 வோல்ற் வந்தால் வோல்ற்றுக்கு 2 சுற்று. 24 வோல்ற் சுருள் என்றால் 48 சுற்று. ஒரு சுற்றின் சராசரி நீளத்தை வெளியால் அளந்து மதிப்பிடுங்கோ, 28 செமீ என்று வைப்பம்: 13.4 மீற்றர். அந்தச் சுருளின் தடை 0.35 ஓம் என்றால், 0.0172 × 13.4 ÷ 0.35 = 0.66 ச.மிமீ, 20 கேஜ். 2.5 ஆல் பெருக்கினால் 1.65 அம்பியர், 24 × 1.65 = 40 வீஏ.

இவ்வளவு சின்னத் தடையை மல்ரிமீற்றர் சரியாகக் காட்டாது, முனை வயரே 0.2 ஓம் வரும். பென்ச் சப்ளையில் 1 அம்பியர் டிசி ஓடவிட்டு, சுருளின் நுனியிலேயே மில்லிவோல்ற் பாருங்கோ. 350 வந்தால் 0.35 ஓம். சப்ளையைக் கழற்றும்போது சுருள் ஒரு அடி அடிக்கும், முதலில் கரண்டைக் குறைச்சுப்போட்டுக் கழற்றுங்கோ.

எல்லாச் செக்கண்டரிக்கும் இப்படிச் செய்து கூட்டி, கோர் பரப்பின் வர்க்கத்தை 1.32 ஆல் வகுத்து வாறதோடு ஒப்பிடுங்கோ. கூட்டினது கோரைவிட நல்லாக் கூட வந்தால் அந்தச் சுருள்கள் ஒன்றாக ஓட வடிவமைச்சது இல்லை, அல்லது ராப்பை ரெண்டு தரம் எண்ணியிருக்கிறியள். 0-12-15-18 என்று ஒரே சுருளில் ராப் இருந்தால் 18க்கு மட்டும்தான் கணக்கு.

24 | சீனக்குடா_ஷிப்ட்

துறைமுகப் பக்க இரும்புக்கடைச் சாமான் என்றால் ஹேர்ட்ஸையும் சந்தேகியுங்கோ. கப்பலில் கனக்க 60 ஹேர்ட்ஸ். 220 வோல்ற் 60 ஹேர்ட்ஸுக்குச் சுற்றினதை எங்கட 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸில் குடுத்தால் 1.2 × 1.045, கோரில் காந்தப் பாயம் 1.25 மடங்கு. குமிழ்ச் சோதனையில் வெளிக்காட்டாது, ஏனென்றால் குமிழ் வோல்ற்றைப் பிடிச்சு வைச்சிருக்கும். நேரடியாகக் குடுத்ததும் இரையும். வேரியாக்கில் (வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கிற றான்ஸ்போமர்) மெல்ல ஏற்றிக்கொண்டு வெற்று ஓட்டக் கரண்டைப் பாருங்கோ. 180, 190 வோல்ற்றில் திடீரென்று ஏறத் தொடங்கினால் அதுதான் அதின்ட எல்லை.

25 | கிண்ணியா_றிப்பேர்

பிறைமரியில் 0-115-230 என்று மூன்று நுனி. ஜப்பான் மெஷினுக்காக 115 பக்கம் குடுத்தாலும் அதே வீஏ கிடைக்குமா?

26 | கம்பிச்சுத்து

ராப் என்றால் பாதிதான். 115இல் குடுத்தால் அரைவாசிக் கம்பி மட்டும் வேலை செய்யும், அதே வீஏக்கு அதில் ரெண்டு மடங்கு கரண்ட் ஓட வேணும். அந்த 115 பகுதியை மட்டும் தடித்த கம்பியில் சுற்றியிருந்தால் தவிர முழு வீஏ வராது. 115 + 115 என்று பிரிஞ்ச ரெண்டு சுருள், நாலு நுனி என்றால் சமாந்தரமாகப் போட்டு முழுதாக எடுக்கலாம்.

சமாந்தரமாகப் போட முதல் ஒரு நுனியை மட்டும் சேர்த்து, மற்ற ரெண்டு நுனிக்கிடையில் வோல்ற் பாருங்கோ. பூச்சியம் வர வேணும். ரெட்டை வோல்ற் வந்தால் திசை மாறி. செக்கண்டரிச் சுருளிலும் இதேதான். ரெண்டு 12 வோல்ற் சுருளில் ஒரு சுற்று வித்தியாசம் இருந்தாலே அரை வோல்ற், ரெண்டின் தடையும் சேர்ந்து 0.1 ஓம் என்றால் லோட் இல்லாமலே 5 அம்பியர் உள்ளுக்குள் சுழலும்.

ஜப்பான் சாமானுக்கு 230இல் இருந்து 100 எடுக்கிறது மட்டும்தான் வேலை என்றால் ஓட்டோ றான்ஸ்போமர் (ஒரே சுருளில் ராப் எடுத்தது) சிறிசாக முடியும். 1,000 வீஏ லோட்டுக்கு கோர் 1,000 × (1 − 100 ÷ 230) = 565 வீஏதான். மேல் 130 வோல்ற் பகுதியில் 4.35 அம்பியர், கீழ் 100 வோல்ற் பகுதியில் 5.65 அம்பியர், ரெண்டும் தனித்தனிக் கேஜ். ஆனால் லைனிலிருந்து பிரிப்பு இல்லை. நியூட்ரல் கழன்றால் 100 வோல்ற் சொக்கற்றில் 230 நிற்கும். ஈரத்தில் கை வைக்கிற சாமானுக்குப் போடாதேங்கோ.

27 | உப்புவெளி_சவுண்ட்

சரி, ஈஐ-133, 50 மிமீ என்று முடிவு. கடற்கரைப் பக்கம் வைச்சு எடுக்கிற சாமான், உப்புக் காற்று. வேற என்ன சொல்லி எழுத வேணும்?

28 | கம்பிச்சுத்து

வார்னிஷ்தான் பாதி ஆயுள். சும்மா தூரிகையால் பூசினது ஐப்பசி மழைக்குக் காணாது. சுற்றி முடிச்ச பொபினை 100 பாகைக்குக் கிட்ட சில மணித்தியாலம் சூடாக்கி ஈரம் போக்க வேணும். சூடாக இருக்கும்போதே வார்னிஷில் அமிழ்த்தி, குமிழி வாறது நிற்கும்வரை விட்டு, வடியவிட்டு, திரும்ப அடுப்பில். எவ்வளவு நேரம் என்பது ரின்னில் எழுதியிருக்கும். பிறகு 500 வோல்ற் மெகரில் (காப்புத் தடை அளக்கிற மீற்றர்) பிறைமரி-செக்கண்டரி, பிறைமரி-கோர், சுருளுக்குச் சுருள் பாருங்கோ. புதிதில் 100 மெகாஓமுக்கு மேல் நிற்க வேணும். 5, 10 என்று காட்டினால் ஈரம் உள்ளே.

பிறைமரிக்கும் செக்கண்டரிக்கும் நடுவில் செம்புத் தாள் திரை போடச் சொன்னால், தாளின் ரெண்டு நுனியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம், ஆனால் நடுவில் பேப்பர் கட்டாயம். நுனி ரெண்டும் தொட்டால் அது ஒரு சுற்று ஷோர்ட், குடுத்த உடனே புகை. திரையை ஒரே ஒரு இடத்தில் ஏர்த் பண்ண வேணும்.

29 | மூன்றாம்_சுருள்

எடுக்கும்போது சூட்டுச் சோதனையும் கேளுங்கள். கையால் தொட்டுப் பார்ப்பது வெளிச் சூடு மட்டும். குளிர்ந்த நிலையில் பிறைமரியின் தடையை அளந்து வைக்க வேண்டும், இதற்கு 3.6 ஓம் அளவில் வரும். சுற்றுச் சூழல் 31 பாகை என்று வைத்துக்கொள்வோம். முழு லோட்டில், பெட்டி மூடியபடி, சூடு ஏறாமல் நிற்கும்வரை ஓட்டுங்கள், 4 மணித்தியாலமாவது. நிறுத்தியவுடனே திரும்ப அளக்க வேண்டும். 4.25 ஓம், சூழல் 33 என்றால்:

(4.25 − 3.6) ÷ 3.6 × (234.5 + 31) − (33 − 31) = 46 பாகை ஏற்றம்.

33 + 46 = 79. கச்சான் காலத்தில் மேடைக்குப் பின்னால் 40 பாகை என்றால் 86. இது முழுச் சுருளின் சராசரி, உள்ளே ஒரு புள்ளி இன்னும் 10 கூட இருக்கும். ஏ வகுப்புக் காப்புக்கு எல்லை 105, பி வகுப்புக்கு 130. இடமிருக்கிறது. ஏற்றம் 65, 70 என்று வந்தால் எங்கோ கேஜ் குறைத்திருக்கிறார்கள்.

30 | உப்புவெளி_சவுண்ட்

ஓடர் துண்டு இப்படி எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கோ:

பிறைமரி 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 460 சுற்று, 21 கேஜ். செம்புத் திரை. 35-0-35, 3.4 அம்பியர் ஆர்எம்எஸ், 74 + 74, 17 கேஜ். 15-0-15, 0.34 அம்பியர், 32 + 32, 27 கேஜ். 12 வோல்ற், 0.85 அம்பியர், 25 சுற்று, 22 கேஜ். ஈஐ-133, 50 மிமீ. எல்லாச் சுருளும் ஒரே நேரத்தில், தொடர்ச்சியாக. பி வகுப்புக் காப்பு, அமிழ்த்தி வேக வைச்ச வார்னிஷ்.

31 | கம்பிச்சுத்து

சரி. ஒன்று சேருங்கோ: 74 + 74 ஐ ரெண்டு கம்பியையும் ஒன்றாகப் பிடிச்சுச் சுற்றச் சொல்லி. ஒரு பாதிக்கு மேல் மற்றப் பாதி என்று சுற்றினால் வெளிப் பாதியின் கம்பி நீளம் கூடி, லோட்டில் ரெண்டு றெயிலும் வேற வேற வோல்ற்றில் நிற்கும். சுற்றி முடிய ஒன்றின் முடிவையும் மற்றதின் தொடக்கத்தையும் சேர்த்தால் அதுதான் நடு ராப். தொடக்கத்தோடு தொடக்கத்தைச் சேர்த்தால் வெளி நுனி ரெண்டுக்கும் இடையில் பூச்சியம் காட்டும், எடுக்கும்போதே அளந்து 70க்கு மேல் வருதா என்று பாருங்கோ.

32 | கொட்பே_மின்

எல்ஈடிக்கு வேற சப்ளை போடுறேன்.